எச்பிஏ1சி எண் எப்போது பொய்க்கும்? மாறுபட்ட ஹீமோகுளோபின்களும் சர்க்கரை நோய்ப் பரிசோதனையும்

சர்க்கரை நோய் இருக்கிறதா என்று கண்டறியவும், ஏற்கெனவே நோய் உள்ளவருக்குச் சிகிச்சை பலன் தருகிறதா என்று பார்க்கவும் மருத்துவர்கள் இன்று அதிகமாக எழுதித் தரும் ரத்தப் பரிசோதனை எச்பிஏ1சி. வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை. எந்த நேரத்திலும் ரத்தம் கொடுக்கலாம். இரண்டு மூன்று மாதங்களின் சர்க்கரை நிலை ஒரே எண்ணில் வந்துவிடும். இந்த வசதிகளால்தான் 'மூன்று மாதச் சர்க்கரை' என்ற பெயரில் அது பலருக்கும் பழக்கமாகியிருக்கிறது. அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வரையறைப்படி 5.7 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இயல்பு, 5.7 முதல் 6.4 வரை நோய்க்கு முந்தைய நிலை, 6.5 அல்லது அதற்கு மேல் சர்க்கரை நோய். உலக சுகாதார நிறுவனமும் 2011-ஆம் ஆண்டில் இதே 6.5 சதவீதத்தை நோயைக் கண்டறியும் எல்லையாக ஏற்றுக்கொண்டது.

ஆனால் அந்த ஏற்பில் ஒரு நிபந்தனையும் இருந்தது. ஆய்வுக்கூடத்தின் தரம் உறுதி செய்யப்பட்டிருக்க வேண்டும். அளவீட்டைத் தவறாக்கக்கூடிய உடல்நிலை எதுவும் அந்த நபருக்கு இருக்கக் கூடாது. எல்லை எண் எல்லோருக்கும் தெரிந்த அளவுக்கு இந்த இரண்டாவது நிபந்தனை தெரியவில்லை. அளவீட்டைத் தவறாக்கும் உடல்நிலைகளில் முக்கியமானது, பிறவியிலேயே சற்று வேறுபட்ட அமைப்போடு உருவாகும் ஹீமோகுளோபின். அது எப்படிக் குறுக்கிடுகிறது, யார் கவனமாக இருக்க வேண்டும், அந்நிலையில் எந்தப் பரிசோதனையை நம்பலாம் என்பதை இக்கட்டுரை அடிப்படையிலிருந்து விளக்குகிறது.

இந்தப் பரிசோதனை எதை அளக்கிறது?

ரத்தத்தின் சிவப்பணுக்களுக்குள் இருந்துகொண்டு, நுரையீரலிலிருந்து ஆக்சிஜனை உடலெங்கும் சுமந்து செல்லும் புரதம் ஹீமோகுளோபின். ஒவ்வொரு ஹீமோகுளோபின் மூலக்கூறும் நான்கு புரதச் சங்கிலிகளால் ஆனது. பெரியவர்களின் ரத்தத்தில் மிகுதியாக இருக்கும் ஹீமோகுளோபின் ஏ என்ற வகையில் இரண்டு ஆல்ஃபா சங்கிலிகளும் இரண்டு பீட்டா சங்கிலிகளும் உள்ளன. ஆல்ஃபா சங்கிலி 141 அமினோ அமிலங்கள் கோத்தது. பீட்டா சங்கிலி 146 அமினோ அமிலங்கள் கோத்தது. ஹீமோகுளோபின் ஏ2 என்ற வகை இரண்டு மூன்று சதவீதமும், கருவில் இருக்கும்போது நமக்கிருந்த ஹீமோகுளோபின் எஃப் என்ற வகை பொதுவாக ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவும் கூடவே இருக்கும்.

ரத்தத்தில் உள்ள குளுக்கோஸ், எந்த நொதியின் உதவியும் இல்லாமல், தானாகவே ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்ளும். பீட்டா சங்கிலியின் முதல் அமினோ அமிலமான வாலினில் குளுக்கோஸ் நிலையாக ஒட்டிய ஹீமோகுளோபின் ஏ-தான் எச்பிஏ1சி. ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு அதிகமோ, அவ்வளவு அதிகமாக ஒட்டும். நிலையாக ஒட்டிய பிறகு, அந்தச் சிவப்பணு அழியும் வரை அது நீங்குவதில்லை. சிவப்பணுவின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 120 நாட்கள் என்பதால், ஒரு நாளில் எடுத்த ரத்தம் கடந்த பல வாரங்களின் சர்க்கரை நிலையைத் தாங்கி நிற்கிறது. அந்த எண்ணில் ஏறத்தாழப் பாதிப் பங்கு கடைசி ஒரு மாதத்தைச் சேர்ந்தது.

ஆகவே இப்பரிசோதனை சர்க்கரையை நேரடியாக அளப்பதில்லை. ஹீமோகுளோபினில் எத்தனை பங்கு சர்க்கரை ஏறியிருக்கிறது என்று அளந்து, அதிலிருந்து சர்க்கரையை ஊகிக்கிறது. அந்த ஊகம் இரண்டு அடிப்படைகளில் நிற்கிறது: அளக்கப்படுபவரின் ஹீமோகுளோபின் பெரும்பாலும் வழக்கமான ஏ வகையாக இருக்கும்; அவருடைய சிவப்பணுக்கள் வழக்கமான ஆயுளோடு வாழும். இவற்றில் ஒன்று பிசகினாலும் எண் பிசகும்.

இப்பரிசோதனையின் வரலாறே மாறுபட்ட ஹீமோகுளோபின்களைத் தேடும் முயற்சியில்தான் தொடங்கியது. 1960-களில் ஈரானின் டெஹ்ரான் நகரில் சாமுவேல் ரஹ்பார் என்ற ஆய்வாளர், இயல்புக்கு மாறான ஹீமோகுளோபின்கள் யாருக்கெல்லாம் உள்ளன என்று நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்துக்கொண்டிருந்தார். அப்போது சர்க்கரை நோயாளிகளின் ஹீமோகுளோபினைப் பிரித்துப் பார்த்ததில் வழக்கமில்லாத ஒரு பட்டை தெரிந்தது. 1968-இல் அவர் அதை வெளியிட்டார். அது பிறவி மாறுபாடு அல்ல, சர்க்கரை ஒட்டியதால் வந்தது என்பது பிறகு தெளிவாயிற்று. பிறவி மாறுபாட்டையும் சர்க்கரை ஒட்டிய ஹீமோகுளோபினையும் ஒரே வகைக் கருவி கண்டுபிடிக்கிறது என்பதால்தான், ஒன்றை மற்றொன்றாகக் கருவி எண்ணிவிடும் வாய்ப்பும் இருக்கிறது.

மாறுபட்ட ஹீமோகுளோபின் என்றால் என்ன?

ஹீமோகுளோபின் சங்கிலிகளைக் கட்டும் குறிப்பு மரபணுக்களில் இருக்கிறது. அக்குறிப்பில் ஒரே ஓர் எழுத்து மாறினால், சங்கிலியில் ஓர் அமினோ அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வேறொன்று வந்து உட்காரும். இவ்வாறு உருவான மாறுபாடுகள் ஆயிரத்துக்கும் மேல் கண்டறியப்பட்டுள்ளன. அவற்றில் பெரும்பாலானவை எந்தத் தொல்லையும் தராதவை; உடையவருக்கே வாழ்நாள் முழுதும் தெரியாமல் போகக்கூடியவை.

உலகில் பரவலாக உள்ளவை நான்கு. பீட்டா சங்கிலியின் 6-ஆம் இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வாலின் வந்தால் அது ஹீமோகுளோபின் எஸ். அரிவாள் செல் சோகைக்குக் காரணமானது இதுவே. அதே 6-ஆம் இடத்தில் லைசின் வந்தால் ஹீமோகுளோபின் சி. 26-ஆம் இடத்தில் குளூட்டாமிக் அமிலம் லைசினாக மாறினால் ஹீமோகுளோபின் இ. 121-ஆம் இடத்தில் அது குளூட்டமினாக மாறினால் ஹீமோகுளோபின் டி பஞ்சாப். எஸ் வகை ஆப்பிரிக்கா, மத்தியதரைக் கடற்பகுதி, அரபு நாடுகள், இந்தியாவின் பழங்குடி மக்கள் ஆகியோரிடமும், சி வகை மேற்கு ஆப்பிரிக்காவிலும், இ வகை தென்கிழக்கு ஆசியா, வங்காளதேசம், வடகிழக்கு இந்தியா ஆகிய பகுதிகளிலும், டி வகை பஞ்சாப் பகுதியிலும் மிகுதி. எஸ், சி, இ ஆகியவற்றின் பரவலுக்கு மலேரியாவே காரணம்: பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் இந்த மரபணுவைப் பெற்றவர்களுக்கு மலேரியாவின் கொடுமையிலிருந்து ஓரளவு காப்பு கிடைத்ததால் அது தலைமுறைகளாக நிலைத்தது. மக்கள் எங்கும் குடிபெயர்ந்து வாழும் இக்காலத்தில், ஒருவர் வசிக்கும் ஊரை வைத்து அவருக்கு எந்த வகை இருக்கும் என்று முடிவு கட்ட இயலாது.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாகப் பிடித்துக்கொள்வது அவசியம். மாறிய மரபணுவைப் பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் 'கடத்தி' எனப்படுவார். அவருடைய ரத்தத்தில் வழக்கமான ஹீமோகுளோபின் ஏ பாதிக்கு மேல் இருக்கும், மாறுபட்டது மீதியாக இருக்கும், உடல்நலம் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். இருவரிடமிருந்தும் மாறிய மரபணுவைப் பெற்றவருக்கு ஹீமோகுளோபின் ஏ உருவாகவே உருவாகாது. எச்பிஏ1சி என்பது சர்க்கரை ஒட்டிய ஹீமோகுளோபின் ஏ என்பதால், ஏ-யே இல்லாத ஒருவருக்கு எச்பிஏ1சி என்ற பொருளும் இருக்க முடியாது. அவருடைய அறிக்கையில் அப்பெயரில் ஓர் எண் அச்சாகி வந்தால், கருவி வேறு எதையோ அளந்திருக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும்.

கருவி ஏமாறும் விதங்கள்

எச்பிஏ1சியை அளக்க ஆய்வுக்கூடங்கள் வெவ்வேறு முறைகளைக் கையாள்கின்றன. மாறுபட்ட ஹீமோகுளோபினை எதிர்கொள்ளும்போது ஒவ்வொரு முறையும் வேறு விதமாக நடந்துகொள்கிறது. ஒரே நாளில் எடுத்த ஒரே ரத்தம் இரண்டு ஆய்வுக்கூடங்களில் இரண்டு எண்களைத் தருவதற்கு இது முக்கியமான காரணங்களுள் ஒன்று.

முதலாவது, மின்னூட்ட வேறுபாட்டைக் கொண்டு பிரிக்கும் முறை. அயனிப் பரிமாற்ற நிறப்பிரிகை என்று இதற்குப் பெயர். ஆய்வுக்கூடங்களில் எச்பிஎல்சி என்று சொல்வார்கள். ரத்த மாதிரியை ஒரு மெல்லிய குழாய்க்குள் செலுத்தும்போது, ஒவ்வொரு வகை ஹீமோகுளோபினும் தன் மின்னூட்டத்துக்கு ஏற்ப வெவ்வேறு நேரத்தில் வெளியே வரும். வருவது வரைபடத்தில் ஒரு முகடாகப் பதியும். பீட்டா சங்கிலியின் முனையில் குளுக்கோஸ் ஒட்டும்போது அங்கிருந்த நேர்மின்னூட்டம் குறைவதால், எச்பிஏ1சி சாதாரண ஹீமோகுளோபினைவிட முந்தி வெளியேறும். கருவி எச்பிஏ1சி முகட்டின் பரப்பை மற்ற ஹீமோகுளோபினோடு ஒப்பிட்டுச் சதவீதம் சொல்கிறது.

இந்தக் கணக்கில் மாறுபட்ட ஹீமோகுளோபின் நுழைந்தால் என்ன ஆகும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம். அரிவாள் செல் கடத்தி ஒருவருக்கு ஹீமோகுளோபின் ஏ 60 பங்கு, எஸ் 40 பங்கு என்று வைத்துக்கொள்வோம். அவருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. அவருடைய ஹீமோகுளோபின் ஏ-யில் 8 சதவீதத்தில் சர்க்கரை ஒட்டியிருக்கிறது. 60 பங்கில் 8 சதவீதம் 4.8 பங்கு. கருவி அந்த 4.8-ஐ ஹீமோகுளோபின் ஏ-யின் 60 பங்கால் மட்டும் வகுத்தால், சரியான விடையான 8 சதவீதம் வரும். எஸ் வகையையும் சேர்த்து 100 பங்கால் வகுத்தால் 4.8 சதவீதம் என்று வரும். அதாவது, சிகிச்சை தேவைப்படும் ஒரு சர்க்கரை நோயாளி முற்றிலும் ஆரோக்கியமானவராக அறிக்கையில் தோன்றுவார். இது விளக்கத்துக்காக எடுத்துக்கொண்ட கடைசி எல்லை. நடைமுறையில் பிழை இதைவிடச் சிறியதாகவே இருக்கும். இன்றைய நல்ல கருவிகள் எஸ், சி போன்ற பரவலான வகைகளை அடையாளம் கண்டு கணக்கிலிருந்து விலக்கும்படி வடிவமைக்கப்பட்டுள்ளன. ஆனால் எல்லா ஆய்வுக்கூடங்களிலும் புதிய கருவிகள் இருப்பதில்லை. அரிய வகைகள் அனைத்தையும் எந்தக் கருவியும் அறிந்திருப்பதில்லை.

பிழை எதிர்த் திசையிலும் நிகழும். மாறுபட்ட ஹீமோகுளோபினின் மின்னூட்டம் எச்பிஏ1சியின் மின்னூட்டத்தைப் போலவே அமைந்துவிட்டால், இரண்டும் ஒரே நேரத்தில் வெளியேறும். கருவி இரண்டையும் சேர்த்து எச்பிஏ1சி என்றே எண்ணிவிடும். ஹீமோகுளோபின் ராலே என்ற அரிய வகை இதற்கு நல்ல சான்று. அதில் பீட்டா சங்கிலியின் முதல் இடத்திலேயே வாலினுக்குப் பதில் அலனின் வந்து, அதன்மேல் அசிட்டைல் தொகுதியும் ஏறிவிடுகிறது. முனையின் நேர்மின்னூட்டம் மறைந்துவிடுகிறது. சர்க்கரை ஒட்டாமலேயே சர்க்கரை ஒட்டியது போன்ற தோற்றம் அதற்கு வந்துவிடுவதால், சர்க்கரை நோயே இல்லாதவருக்கும் நம்ப முடியாத அளவுக்கு உயர்ந்த எண் வரும்.

இரண்டாவது, நோய் எதிர்ப்புப் புரதங்களைக் கொண்டு அளக்கும் முறை. பீட்டா சங்கிலியின் தொடக்கத்தில் உள்ள சில அமினோ அமிலங்களையும், முனையில் ஒட்டிய குளுக்கோஸையும் சேர்த்து அடையாளம் காணும்படி அந்த எதிர்ப்புப் புரதம் தயாரிக்கப்படுகிறது. மின்னூட்டம் இங்கே பொருட்டல்ல. அடையாளம் காணும் பகுதிக்குள் மாற்றம் விழுந்திருக்கிறதா என்பதே கேள்வி. எஸ், சி ஆகிய இரண்டிலும் மாற்றம் 6-ஆம் இடத்தில், அதாவது முனைக்கு மிக அருகில் இருப்பதால், சில நிறுவனங்களின் தயாரிப்புகளில் அது அளவைப் பாதித்திருக்கிறது. இ வகையின் 26-ஆம் இடமும் டி வகையின் 121-ஆம் இடமும் முனையிலிருந்து தொலைவில் இருப்பதால் பெரும்பாலும் பாதிப்பு இராது. ஆனால் இம்முறையில் வேறொரு குறை உண்டு. கருவி வெறும் எண்ணை மட்டும் தருமே தவிர, முகடுகள் கொண்ட வரைபடம் எதையும் தராது; ரத்தத்தில் மாறுபட்ட ஹீமோகுளோபின் இருக்கிறது என்ற செய்தியே யாருக்கும் எட்டாது.

மூன்றாவது, போரோனேட் பிணைப்பு முறை. ஒட்டிய குளுக்கோஸின் வேதியமைப்பைப் பற்றிப் பிடிப்பதால், எந்த வகை ஹீமோகுளோபினில் ஒட்டியிருந்தாலும் அது கணக்கில் வந்துவிடும். பரவலான வகைகளின் கடத்திகளுக்குக் குறுக்கீடு மிகக் குறைவாக உள்ள முறைகளுள் இது ஒன்று. நுண்குழாய் மின்புலப் பிரிப்பு முறையும், நொதிகளைக் கொண்டு சங்கிலியின் முனையை வெட்டி அளக்கும் முறையும்கூட இவ்வகைகளில் பொதுவாக நன்றாகவே செயல்படுகின்றன. மின்புலப் பிரிப்பு முறையில் மாறுபட்ட வகை வரைபடத்தில் தனியாகத் தெரிவது கூடுதல் நன்மை.

எந்த நிறுவனத்தின் எந்தக் கருவி எந்த மாறுபாட்டால் பாதிக்கப்படும் என்ற பட்டியலை, எச்பிஏ1சி அளவீட்டைத் தரப்படுத்துவதற்காக 1996-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட என்ஜிஎஸ்பி என்ற திட்டம் வெளியிட்டு வருகிறது. கருவிகளும் அவற்றின் மென்பொருளும் மாறிக்கொண்டே இருப்பதால், 'இந்த முறை நல்லது, அந்த முறை கெட்டது' என்று மொத்தமாகத் தீர்ப்புச் சொல்வதைவிட, குறிப்பிட்ட கருவியின் பெயரைக் கேட்டு அந்தப் பட்டியலோடு ஒப்பிடுவதே சரியான வழி என்று நான் கருதுகிறேன். மருத்துவரும் ஆய்வுக்கூடமும் பேசிக்கொண்டால் சில நிமிடங்களில் முடியும் வேலை இது.

சிவப்பணுவின் ஆயுள் குறைந்தால் எந்தக் கருவியும் உதவாது

இதுவரை சொன்னவை கருவி சார்ந்த பிழைகள். கருவியை மாற்றினால் தீரும். அடுத்து வருவது உடல் சார்ந்த பிழை. எந்தக் கருவிக்கு மாறினாலும் அது தொடரும்.

சாயத்தொட்டியில் நெடுநேரம் ஊறிய துணி அடர்நிறமாகவும், சீக்கிரம் எடுத்த துணி வெளிர்நிறமாகவும் இருக்கும். தொட்டியின் சாயம் ஒன்றேதான். சிவப்பணு 120 நாட்கள் ரத்தத்தில் மிதந்தால் அதற்கேற்பச் சர்க்கரை ஒட்டும். 20 நாட்களிலேயே அழிந்துவிட்டால், ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு உயர்ந்திருந்தாலும், ஒட்டுவதற்கு அதற்கு நேரம் கிடைக்காது. பெற்றோர் இருவரிடமிருந்தும் எஸ் மரபணுவைப் பெற்று அரிவாள் செல் சோகைக்கு ஆளானவர்களின் சிவப்பணுக்கள் 10 முதல் 20 நாட்களே வாழ்கின்றன. எஸ் ஒருவரிடமிருந்தும் சி மற்றொருவரிடமிருந்தும் பெற்றவர்களுக்கும், ஹீமோகுளோபின் சங்கிலிகள் போதிய அளவு உருவாகாத பிறவி நோயான தலசீமியா தீவிரமாக உள்ளவர்களுக்கும் ஆயுள் குறைவே. இவர்களின் ரத்தத்தைப் போரோனேட் முறையில் அளந்தால் ஓர் எண் வரும். ஒட்டிய சர்க்கரையை அது சரியாகவே அளந்திருக்கும். ஆனால் அந்த எண்ணை 6.5 என்ற எல்லையோடு ஒப்பிடுவதில் பொருளில்லை. இவர்களில் பலருக்கு அடிக்கடி ரத்தம் ஏற்ற வேண்டியிருப்பதால், வேறொருவரின் சிவப்பணுக்களும் கலந்து, எண் இன்னும் குழம்பிவிடும்.

மாறிய மரபணு ஒன்றை மட்டும் பெற்ற கடத்திகளுக்குச் சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ இயல்பாகவே இருக்கிறது என்பது பொதுவான கருத்து. ஆகவே பொருத்தமான கருவியில் அளந்தால் அவர்களுக்கு எச்பிஏ1சியைப் பயன்படுத்தலாம். ஆயினும் 2017-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் வெளியான ஓர் ஆய்வு இங்கே கவனிக்கத்தக்கது. ஆப்பிரிக்க வம்சாவளி அமெரிக்கர்களிடம் நடத்திய அந்த ஆய்வில், ரத்தச் சர்க்கரை அளவு ஒன்றாகவே இருந்தபோதும், அரிவாள் செல் கடத்திகளின் எச்பிஏ1சி மற்றவர்களுடையதைவிடச் சராசரியாக 0.3 அளவு குறைவாக இருந்தது. எல்லைக்கோட்டை ஒட்டி நிற்பவருக்கு இந்த 0.3 சிறியதல்ல: 6.6 என்று வர வேண்டியவர் 6.3-ஆக மாறி, நோயாளி என்ற பட்டியலிலிருந்து விடுபட்டுப் போவார். எனவே கடத்திகளின் அறிக்கையில் எண் எல்லைக்கு அருகில் இருக்கும்போது, ரத்தச் சர்க்கரையை நேரடியாக அளக்காமல் முடிவுக்கு வருவது சரியன்று.

கருக்கால ஹீமோகுளோபின்

ஹீமோகுளோபின் எஃப் மாறுபட்ட வகை அன்று. எல்லோருக்கும் கருவில் இருந்ததுதான். அதில் பீட்டா சங்கிலிக்குப் பதில் காமா சங்கிலி இருக்கும். அதன் முதல் அமினோ அமிலம் வாலின் அல்ல, கிளைசின். பீட்டா சங்கிலியின் முனையைத் தேடும் எதிர்ப்புப் புரதத்துக்கு இது புலப்படாது. மொத்த ஹீமோகுளோபினில் மட்டும் இது சேர்ந்துகொள்ளும். விளைவாக எண் பொய்யாகக் குறையும். ஒரு சதவீதம் இருக்கும்போது இது பொருட்டில்லை. கருக்கால ஹீமோகுளோபின் வாழ்நாள் முழுதும் நீடிக்கும் மரபு நிலை உடையவர்களுக்கும், பீட்டா தலசீமியாவின் சில வகைகளில் உள்ளவர்களுக்கும், அரிவாள் செல் சோகைக்காக ஹைட்ராக்சியூரியா மருந்து உண்பவர்களுக்கும் இது பல மடங்கு உயரும். அப்போது போரோனேட் முறைகூடக் குறைத்துக் காட்டக்கூடும். பிறந்த சில மாதங்கள் வரை குழந்தைகளின் ரத்தத்தில் எஃப் வகையே மிகுந்திருப்பதால், அவர்களுக்கு இப்பரிசோதனை பயன்படாது.

ஹீமோகுளோபின் அமைப்பு முற்றிலும் இயல்பாக இருந்தும் எண் பிறழும் நிலைகளும் உண்டு. இரும்புச்சத்துக் குறைபாட்டால் வரும் சோகையில் எச்பிஏ1சி பொய்யாக உயரும். சிகிச்சை தொடங்கியதும் புதிய சிவப்பணுக்கள் பெருகி எண் இறங்கும். அண்மையில் ரத்தப்போக்கு ஏற்பட்டவர்கள், ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், சிறுநீரகச் செயலிழப்புக்காக, சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொயட்டின் ஊசி பெறுபவர்கள் ஆகியோருக்கும் எண்ணை அப்படியே ஏற்க முடியாது. ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடும் சிவப்பணுவின் ஆயுளைக் குறைத்து எண்ணைத் தாழ்த்தும்.

எப்போது சந்தேகப்பட வேண்டும்?

எச்பிஏ1சியும் ரத்தச் சர்க்கரை அளவுகளும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இருப்பதே முதல் அடையாளம். பொருந்துகிறதா என்று பார்க்க எளிய கணக்கு ஒன்று உண்டு: எச்பிஏ1சி எண்ணை 28.7-ஆல் பெருக்கி 46.7-ஐக் கழித்தால், அதற்கு ஈடான சராசரிச் சர்க்கரை மில்லிகிராம் அளவில் கிடைக்கும். 6 சதவீதம் என்றால் சராசரி 126. 7 என்றால் 154. 8 என்றால் 183. வீட்டில் சர்க்கரைமானியால் வெவ்வேறு நேரங்களில் பார்க்கும் அளவுகள் பெரும்பாலும் 180-க்கு மேல் இருக்க, அறிக்கை 5.6 என்று சொன்னால், இரண்டில் ஒன்று தவறு. அறிக்கைகளில் 'சராசரி குளுக்கோஸ்' என்று எச்பிஏ1சிக்குக் கீழே அச்சிடப்பட்டிருக்கும் எண்ணை இதற்குச் சான்றாகக் கொள்ளக் கூடாது. அது தனியாக அளக்கப்பட்டதன்று. மேலே உள்ள எச்பிஏ1சியை இதே கணக்கில் போட்டு எழுதியது. எச்பிஏ1சி தவறானால் அதுவும் அதே அளவு தவறு. இதை அறியாமல் இரண்டு எண்களும் ஒத்துப்போகின்றனவே என்று ஆறுதல் கொள்பவர்கள் பலர் என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

உணவு, மருந்து, உடல்நிலை எதிலும் பெரிய மாற்றம் இல்லாதபோது, ஆய்வுக்கூடத்தை மாற்றியதும் எண் சட்டென்று ஏறினாலோ இறங்கினாலோ, அதுவும் சந்தேகத்துக்கு உரியதே. 4 சதவீதத்துக்குக் கீழும், 15 சதவீதத்துக்கு மேலும் வரும் எண்களை எந்த ஆய்வுக்கூடமும் சோதிக்காமல் வெளியிடக் கூடாது. நிறப்பிரிகை வரைபடத்தில் பழக்கமில்லாத முகடு தெரிந்தாலும் அப்படியே. தன்னிடம் மாறுபட்ட ஹீமோகுளோபின் இருப்பதை ஒருவர் முதன்முதலாக அறிந்துகொள்வது எச்பிஏ1சி பரிசோதனையின் வழியாகவே என்பது ஆய்வுக்கூடங்களில் அடிக்கடி காணும் நிகழ்வு.

எண் தவறுவதன் விளைவு காகிதத்தோடு நிற்பதில்லை. பொய்யாகக் குறைந்த எண் ஒருவரின் நோயை ஆண்டுக்கணக்கில் மறைக்கும். கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றின் பாதிப்பு அந்தக் காலத்தில் ஓசையின்றி வளரும். பொய்யாக உயர்ந்த எண்ணை நம்பி மருந்தையோ இன்சுலினையோ கூட்டினால், சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்து மயக்கம் வரை போகலாம்.

வேறு வழிகள்

நோய் இருக்கிறதா என்று கண்டறிவதே நோக்கம் என்றால், பழைய பரிசோதனைகளே போதுமானவை. எட்டு மணி நேரமாவது எதுவும் உண்ணாமல் எடுத்த ரத்தத்தில் குளுக்கோஸ் 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தாலும், 75 கிராம் குளுக்கோஸ் கரைசல் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 200 அல்லது அதற்கு மேல் இருந்தாலும் அது சர்க்கரை நோய். தெளிவான அறிகுறிகள் இல்லாதபோது இரண்டாம் முறையும் சோதித்து உறுதி செய்வார்கள். இவை பிளாஸ்மாவில் உள்ள குளுக்கோஸை நேரடியாக அளப்பவை என்பதால், ஹீமோகுளோபின் எந்த வகையாக இருந்தாலும் கவலையில்லை. எச்பிஏ1சியும் குளுக்கோஸ் அளவும் பெரிதும் முரண்படும்போது குளுக்கோஸ் அளவைக் கொண்டே முடிவெடுக்க வேண்டும் என்பது அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வழிகாட்டுதலும்கூட.

ஏற்கெனவே நோய் உள்ளவரின் கட்டுப்பாட்டைக் கண்காணிக்க, ஃபிரக்டோசமைன், சர்க்கரை ஏறிய ஆல்புமின் ஆகிய இரண்டு பரிசோதனைகள் உள்ளன. ரத்தத் திரவத்தில் உள்ள புரதங்களில், குறிப்பாக ஆல்புமினில், ஒட்டிய சர்க்கரையை இவை அளக்கின்றன. ஹீமோகுளோபினுக்கு இதில் இடமே இல்லை. ஆல்புமின் சிவப்பணுவைவிட விரைவாகப் புதுப்பிக்கப்படுவதால், இவை காட்டுவது கடந்த இரண்டு மூன்று வாரங்களின் நிலையை மட்டுமே; ஆகவே அடிக்கடி செய்ய வேண்டியிருக்கும். சிறுநீரில் புரதம் மிகுதியாக வெளியேறுபவர்கள், கல்லீரல் நோயால் ஆல்புமின் குறைந்தவர்கள் ஆகியோருக்கு இவையும் சரியாக அமையாது. எச்பிஏ1சிக்கு உள்ளதைப் போல நெடுங்காலப் பாதிப்புகளோடு ஒப்பிட்டு நிறுவப்பட்ட விரிவான சான்றுகள் இவற்றுக்கு இல்லை என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

தோலின்மேல் பொருத்தும் உணரி வழியாகச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை குளுக்கோஸ் அளவைப் பதியும் தொடர் கண்காணிப்புக் கருவிகள் இப்போது கிடைக்கின்றன. இரண்டு வாரப் பதிவு இருந்தால் சராசரி மட்டுமன்றி, எந்த நேரத்தில் சர்க்கரை ஏறுகிறது, எப்போது தாழ்கிறது என்பதும் தெரிந்துவிடும். மாறுபட்ட ஹீமோகுளோபின் உடையவர்களுக்கு இதுவே மிகச் சிறந்த வழி என்பது என் கருத்து; ஆனால் செலவு காரணமாக எல்லோருக்கும் அது எட்டுவதில்லை. அப்படிப்பட்டவர்கள் விரல் நுனியில் குத்திப் பார்க்கும் சாதாரணச் சர்க்கரைமானியிலேயே, காலையில் வெறும் வயிற்றிலும் ஒவ்வொரு வேளை உணவுக்கு இரண்டு மணி நேரம் கழித்தும் எடுத்த அளவுகளைத் தேதியோடு எழுதி வைத்தால், மருத்துவருக்கு அது நம்பத்தகுந்த ஆதாரமாகும்.

மாறுபாடு இருக்கிறதா என்று உறுதி செய்ய, ஹீமோகுளோபின் பிரிப்புப் பரிசோதனை ஒன்றைத் தனியாகச் செய்ய வேண்டும். மின்னூட்டம் மாறாத வகைகள் அதிலும் தப்பிவிடலாம் என்பதால், தேவைப்பட்டால் மரபணுப் பரிசோதனை வரை போவார்கள். ஹீமோகுளோபின் வகை வாழ்நாளில் மாறுவதில்லை. எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சை போன்ற அரிய நிலைகளைத் தவிர, ஒருமுறை உறுதியாகத் தெரிந்துகொண்டால் போதும். அந்த முடிவைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, எச்பிஏ1சி எழுதித் தரும் ஒவ்வொரு மருத்துவரிடமும் காட்டுவதும், ரத்தம் கொடுக்கும்போது ஆய்வுக்கூடத்தில் சொல்லி அவர்களுடைய கருவி தமக்குப் பொருந்துமா என்று கேட்பதும், பொருந்தினால் அடுத்தடுத்த முறைகளிலும் அதே ஆய்வுக்கூடத்துக்கே செல்வதும் மாறுபாடு உடையவர்கள் செய்ய வேண்டியவை. இந்த மாறுபாடுகள் பெற்றோரிடமிருந்து வருபவை என்பதால், குடும்பத்தில் ஒருவருக்கு உறுதியானால், உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் தங்கள் எச்பிஏ1சி அறிக்கையை முழுதாக நம்புவதற்கு முன் இதே பரிசோதனையைச் செய்துகொள்வது நல்லது.